பவர் ஸ்டீயரிங்கில் ஏர் எடுக்கும்போது இன்ஜினை ஏன் உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது?

பவர் ஸ்டீயரிங்கின் பம்பையோ, சக்கரங்களைத் திருப்பும் ரேக்கையோ, ஹோஸையோ மாற்றிவிட்டு, ஸ்டீயரிங் ஆயில் டப்பாவில் ஆயிலை ஊற்றி உடனே இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் பம்ப் முனகும். மூடியைத் திறந்து பார்த்தால் ஆயில் வெளிறி, நுரைத்துக் கிடக்கும். உள்ளே மாட்டிக்கொண்ட காற்றின் வேலை இது. அதை வெளியேற்றுவது எளிதுதான், அவசரப்படாமல் இருந்தால்.

பிரேக்கில் ஏர் எடுத்துப் பழகியவர்கள் இங்கேயும் நிப்பிளை, அதாவது காற்றைத் திறந்துவிடும் சிறு திருகைத் தேடுவார்கள். பெரும்பாலான கார்களில் அப்படி ஒன்று இருக்காது; தேவையும் இல்லை. பிரேக் ஆயில் சக்கரத்தோடு முடிந்துவிடும் குழாயில் நிற்பது, அதனால் காற்றுக்கு அங்கே தனி வாசல் வேண்டும். ஸ்டீயரிங் ஆயில் அப்படியல்ல. டப்பாவிலிருந்து பம்ப், பம்பிலிருந்து ரேக், ரேக்கிலிருந்து மறுபடி டப்பா என்று சுற்றிக்கொண்டே இருக்கும். காற்றும் கூடவே டப்பாவுக்கு வந்து, மேலே மிதந்து, போய்விடும். நாம் செய்ய வேண்டியது அதை முழுக் குமிழியாக அங்கே கொண்டுவந்து சேர்ப்பதுதான்.

குமிழியின் அளவுதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சிறு குமிழி ஆயிலில் மேலே ஏறும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கினால் மேலே வர 100 மடங்கு நேரம் பிடிக்கும். இன்ஜினை ஓட விட்டால் பம்பின் தகடுகள் பெரிய குமிழிகளை எல்லாம் நொறுக்கிப் பொடியாக்கிவிடும். அந்தப் பொடி டப்பாவில் மிதந்து பிரிவதற்குள் பம்ப் அதை மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். பிறகு எத்தனை தடவை ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் நுரை நுரையாகவேதான் இருக்கும்.

ஆகவே முதல் சுற்று முழுக்க இன்ஜின் நிறுத்தத்திலேயே நடக்க வேண்டும். பின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம். டயர் தரையில் இருந்தால் திருப்புவது பெரும்பாடு. சாவியை ஸ்டீயரிங் லாக் விடுபடும் அளவுக்கு மட்டும் திருப்பினால் போதும். கையேட்டில் சொன்ன ஆயிலையே ஊற்றுங்கள்: சில கார்களுக்குச் சிவப்பு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்), சிலவற்றுக்குப் பச்சை நிறச் செயற்கை ஆயில், சிலவற்றுக்குத் தயாரிப்பாளரின் தனி ஆயில். மாற்றி ஊற்றினாலோ கலந்தாலோ சீல்கள் கெடலாம். முழுதும் வடிந்த அமைப்புக்குப் பொதுவாக 1 லிட்டர் அளவில் வேண்டியிருக்கும்.

இனி ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகத் திருப்புங்கள். ரேக்கின் பிஸ்டனே ஆயிலைத் தள்ளி, காற்றைப் பெரிய குமிழிகளாக டப்பாவுக்கு அனுப்பும். ஒருவர் திருப்ப, இன்னொருவர் டப்பாவைப் பார்த்து ஊற்றிக்கொண்டே இருப்பது நல்லது. மட்டம் உறிஞ்சும் துளைக்குக் கீழே இறங்கினால் காற்று மறுபடி உள்ளே போய்விடும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். 20 முறை போய் வந்த பிறகும் குமிழி வந்தால் இன்னும் தொடருங்கள். நின்றபின் சில நிமிடம் அப்படியே விடுங்கள்.

அதன் பிறகே இன்ஜின். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலிங்கில் விட்டு, மெதுவாக இருபுறமும் சில முறை திருப்புங்கள். கோடியில் 5 விநாடிக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள். அங்கே ஆயிலுக்குப் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி, அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் பம்பின் ரிலீஃப் வால்வு திறந்து, ஆயில் வேகமாகச் சூடேறும். நுரை கண்ணில் பட்டால் உடனே நிறுத்தி, அது அடங்கும்வரை காத்திருங்கள்; ஒரு மணி நேரம்கூட ஆகலாம். ஆக்சிலரேட்டரை மிதித்துக் காற்றை விரட்டப் பார்ப்பது கெட்ட யோசனை.

காற்று போய்விட்டதா என்று பார்க்க ஒரு நல்ல சோதனை உண்டு. இன்ஜின் ஓடும்போது மட்டத்தைக் குறித்துக்கொண்டு, நிறுத்தியதும் மறுபடி பாருங்கள். காற்று அழுத்தத்தில் சுருங்கும், ஆயில் ஏறக்குறைய சுருங்காது. அதனால் இன்ஜின் நின்றதும் உள்ளே இருக்கும் குமிழிகள் விரிந்து ஆயிலை மேலே தள்ளும். 5 மில்லிமீட்டருக்கு மேல் ஏறினால் இன்னும் காற்று இருக்கிறது. பிடிவாதமான வண்டிகளில் டப்பாவின் வாயில் கைப் பம்பைப் பொருத்தி வெற்றிடம் உண்டாக்குவார்கள். அழுத்தம் குறைந்ததும் பொடிக் குமிழிகள் பெருத்து, வேகமாக மேலே ஏறிவிடும்.

இத்தனைக்கும் பிறகு நுரை திரும்பத் திரும்ப வந்தால், மீதமிருக்கும் காற்று அல்ல, புதிதாக நுழையும் காற்றுதான் காரணம். டப்பாவுக்கும் பம்புக்கும் நடுவே உள்ள உறிஞ்சு ஹோஸைப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது அதற்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையும். எனவே தளர்ந்த கிளாம்போ, காய்ந்துபோன ஓ-ரிங்கோ (இணைப்பில் உள்ள ரப்பர் வளையம்) ஒரு சொட்டு ஆயிலைக்கூடச் சிந்தாமல் காற்றை மட்டும் உள்ளே இழுக்கும். வெளியே ஈரம் இல்லை என்பதற்காக அந்த இணைப்பை விட்டுவிட வேண்டாம். பழைய ஓ-ரிங்கையே திரும்பப் போட்டிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். டப்பாவின் அடியில் உள்ள வடிகட்டி அடைத்திருந்தாலும் பம்ப் பட்டினியில் முனகும். அப்போது டப்பாவையே மாற்றுவதுதான் வழி, பல கார்களில் அந்த வலை தனியாகக் கழன்று வராது.