பலதுறை மருந்தகம்: 'பாலி' என்றால் 'பல' தானா?

சிங்கப்பூரில் பேச்சில் யாரும் பலதுறை மருந்தகம் என்று சொல்வதில்லை. "காலையில பாலிகிளினிக் போகணும்", அவ்வளவுதான். செய்தியிலும் அறிவிப்பிலும்தான் இந்தச் சொல் தென்படும். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர் படித்தால் மாத்திரை விற்கும் கடை என்றே நினைப்பார், ஏனென்றால் அங்கே மருந்தகம் என்றால் மெடிக்கல் ஷாப், அரசே மலிவு விலை மருந்துக் கடைகளுக்கு 'முதல்வர் மருந்தகம்' என்று பெயர் வைத்திருக்கிறது. இங்கே மருந்தகம் என்றால் டாக்டர் பார்க்கும் இடம்.

சரி, 'பலதுறை' எங்கிருந்து வந்தது? 'பாலி' என்பதைப் 'பல' என்று எடுத்துக்கொண்டதால். பாலிடெக்னிக்குக்கு அது சரி. பாலிகிளினிக்கின் வேர் வேறு: கிரேக்கத்தில் 'போலிஸ்' என்றால் நகரம், 'கிளினே' என்றால் படுக்கை. மருத்துவமனையில் தங்காமல் ஊருக்குள்ளிருந்து வந்துபோகும் நோயாளிகளுக்கான இடத்தை ஜெர்மானியர்கள் போலிகிளினிக் என்றார்கள் (படுக்கையே இல்லாத இடத்துக்குப் படுக்கையின் பெயர்!). ஹூஃபெலாண்ட் என்ற மருத்துவர் 1810இல் பெர்லினில் தொடங்கியது ஏழைகளுக்கான ஒன்று, நம் ஊர்ப் பழைய பேச்சில் தர்மாஸ்பத்திரி. ஆங்கிலத்துக்கு வந்தபின் எழுத்து மாறி, நகரம் மறைந்து 'பல' புகுந்துவிட்டது. தமிழ் அந்தக் குழப்பத்தைத்தான் மொழிபெயர்த்திருக்கிறது.

ஆனாலும் சிங்கப்பூருக்கு அது பொருந்திப்போனதுதான் வேடிக்கை. 1970களில் வெளிநோயாளர் மருந்தகங்களையும் தாய்சேய் நல மருந்தகங்களையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்து உருவாக்கியவை இவை, இன்று ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி, இனிப்புநீர், ரத்தக்கொதிப்புக்கான தொடர் கவனிப்பு எல்லாம் உள்ளேயே நடக்கிறது. பலதுறை என்றால் பலதுறைதான்.

தர்மாஸ்பத்திரி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். யாரும் போகலாம், கட்டணம் உண்டு, குடிமக்களுக்கு அரசு மானியம் கழித்துக்கொள்ளப்படும். நிபுணரைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கிருந்து கடிதம் வாங்கிப் போனால் அங்கும் மானியக் கட்டணம், பலர் வரிசையில் பொறுமையாக உட்காருவது அதற்காகவும்தான். குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்களுக்குச் சாஸ் எனப்படும் சமூகச் சுகாதார உதவித் திட்டத்தின் நீல, ஆரஞ்சு நிற அட்டைகள் இருக்கின்றன, அவற்றைக் காட்டினால் திட்டத்தில் சேர்ந்த தனியார் கிளினிக்கிலும் கட்டணம் குறையும். அப்புறமும் கட்ட முடியாத குடிமக்களுக்கு 1993இல் தொடங்கிய மெடிஃபண்ட் இருக்கிறது. முதல் தொகையைத் தொடாமல் அதன் வருமானத்திலிருந்து உதவும் நிதி அது.

பலதுறையா, பல்துறையா என்று சிலர் சண்டை போடுவார்கள். இரண்டும் சரி, 'பல' என்பதற்குப் பின்னால் வேறு சொல் வந்தால் அகரம் நிற்கலாம், போகலாம் என்று நன்னூலே விட்டுவிட்டது. இங்குள்ளவர்களுக்கு எழுதும்போது பலதுறை மருந்தகம் போதும், பழகிவிட்டது. தமிழ்நாட்டு வாசகருக்கு எழுதினால் 'அரசு வெளிநோயாளர் மருத்துவ நிலையம்' என்று விரித்து எழுதுங்கள், இல்லாவிட்டால் மருந்துச் சீட்டோடு வந்து நிற்பார்கள்.