பின்னி முடித்த ஸ்வெட்டர் ஏன் பைக்குள்ளேயே கிடக்கிறது?

"எல்லாம் பின்னியாகிவிட்டது டீச்சர், சேர்க்க வேண்டியதுதான் பாக்கி." நீலகிரியில் பனி இறங்கத் தொடங்கும் மாதங்களில் என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் சொல்வது இதைத்தான். துணிப்பைக்குள் முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கைகள், சிக்கலாகிக் கிடக்கும் மிச்ச நூல். சிலர் போன வருடத்துப் பையையே தூக்கிக்கொண்டு வருவார்கள். யாருக்காகப் பின்னினார்களோ அந்தப் பிள்ளை அதற்குள் ஓர் அளவு வளர்ந்திருக்கும்.

பின்னத் தெரியாமல் இவர்கள் நின்றுவிடவில்லை. டிவி பார்த்துக்கொண்டே வரிசை வரிசையாக ஓட்டுகிற கைகள் அவை. துண்டுகளைச் சேர்ப்பது, கழுத்துப் பட்டை எடுப்பது, நூல் முனைகளை மறைப்பது, நனைத்து உலர்த்துவது ஆகியவற்றை ஒரு வேலையாகவே கணக்கில் வைக்காததுதான் சங்கடம். பெரியவர்களுக்கான ஸ்வெட்டர் என்றால் மொத்த நேரத்தில் நான்கில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கச் சொல்கிறேன். முகம் சுளிக்காமல் கேட்டவர்கள் குறைவு.

கடைசியில் வெளிப்படும் கோளாறுகளில் பாதி, முதல் நாளே உள்ளே நுழைந்தவை. 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணிகள் (ஊசியில் விழும் வளையங்கள்) வர வேண்டும் என்று, பின்னும் முறையைச் சொல்லும் மாதிரித் தாள் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கை சற்றுத் தளர்ச்சி, 20தான் வருகிறது. இரண்டு கண்ணிதானே என்று தோன்றும். மார்புச் சுற்றுக்கு 220 கண்ணிகள் போட்டால் 100 செ.மீ. வர வேண்டிய ஸ்வெட்டர் 110 செ.மீ. ஆகி நிற்கும். துண்டு துண்டாக மடியில் கிடக்கும்வரை அது கண்ணுக்குத் தெரியாது. சேர்த்துப் போட்டுப் பார்க்கும்போதுதான் அண்ணன் சட்டையைத் தம்பிக்கு மாட்டியது போலத் தொங்கும்.

ஊசி எண் இன்னொரு வம்பு. நம் ஊரில் பலர் பழகியிருப்பது பிரிட்டிஷ் எண். அதில் 8 என்றால் 4 மி.மீ. அமெரிக்க எண்ணில் அதே 8, 5 மி.மீ. போதாக்குறைக்கு, பிரிட்டிஷ் முறையில் எண் கூடக் கூட ஊசி மெலியும், அமெரிக்க முறையில் தடிக்கும். இணையத்தில் எடுத்த மாதிரித் தாளைப் பார்த்துப் பின்னுகிறவர்கள் எண்ணை மறந்துவிட்டு மில்லிமீட்டரை மட்டும் பாருங்கள். முதலில் 15 செ.மீ. சதுரம் ஒன்றைப் பின்னி, நனைத்து உலர்த்திய பிறகு அளந்துகொள்ளுங்கள். ஒரு மாலை நேரம் வீணாகிறதே என்று அலுத்துக்கொள்பவர்கள்தான் பிறகு இரண்டு மாத உழைப்பைப் பையோடு கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

சேர்ப்பதற்கு முன் ஒவ்வொரு துண்டையும் அளவுக்குப் படிய வைக்க வேண்டும். இங்கேதான் ஈடுகட்ட முடியாத சேதம் நடக்கிறது. நம் கடைகளில் 'உல்லன்' என்று சொல்லித் தரும் நூலில் பெரும்பங்கு அக்ரிலிக் என்ற செயற்கை நார். அசல் கம்பளியைத் தண்ணீரில் நனைத்து, துண்டில் சுருட்டிப் பிழிந்து, மெத்தையின்மேல் அளவுப்படி விரித்துக் குண்டூசி குத்தி வைத்தால், உலரும்போது அந்த வடிவத்திலேயே நிற்கும். ஈரத்தில் தளரும் நாரின் உட்பிணைப்புகள் காயும்போது புதிய இடத்தில் இறுகுவதே காரணம். அக்ரிலிக் அப்படிப் பணியாது என்று கோபத்தில் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்துவிடுகிறார்கள். நார் இளகி, பளபளவென்று தட்டையாகி, விளிம்புகளில் சுருங்கி விரிய வேண்டிய ரிப் பட்டை சவசவத்துப்போகும். அதற்கு என்னிடம் மருந்து இல்லை, யாரிடமும் இல்லை. அக்ரிலிக் என்றால் லேசாக நனைத்து, தட்டையாக விரித்துக் காயவிடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எந்த நூல் என்று சந்தேகமாக இருந்தால் ஒரு சிறு துண்டை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். கம்பளி, முடி கருகும் வாசனையோடு எரிந்து, விரலில் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கருப்பாகக் கெட்டிப்படும், ஆறும்வரை தொடாதீர்கள்.

இன்னொன்று: ஈர ஸ்வெட்டரைக் கொடியில் போடாதீர்கள். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் கைக்கு உலர்ந்தது போலவே இருக்கும். அந்தக் கனத்தோடு தொங்கினால் கை முழங்காலைத் தொடும். மழைக்காலத்தில் எங்கள் மலையில் ஒரு ஸ்வெட்டர் காய நாள்கணக்கில் ஆகும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சேர்க்கும் தையலை இரவு விளக்கில் செய்யாதீர்கள், அதுவும் கருநீல நூல் என்றால் வேண்டவே வேண்டாம். இரண்டு விளிம்புகளையும் நல்ல பக்கம் மேலே தெரியும்படி அருகருகே வைத்து, ஓரத்துக் கண்ணியை லேசாக விலக்கினால் குறுக்கே கம்பி கம்பியாக நூல் தெரியும். நுனி மழுங்கிய ஊசியால் இந்தப் பக்கம் ஒரு கம்பி, அந்தப் பக்கம் ஒரு கம்பி என எடுத்துக்கொண்டே போய், சில அங்குலத்துக்கு ஒருமுறை நூலை மெல்ல இழுங்கள். விளிம்புகள் இரண்டும் உள்ளே மடங்கித் தையல் மறைந்துவிடும். இந்த வேலையில் எனக்கு இன்றும் அலுக்காத நொடி அது.

கழுத்துப் பட்டைக்கு ஓரத்திலிருந்து கண்ணி எடுக்கும்போது வரிசைக்கு ஒன்று வீதம் எடுத்தால் விளிம்பு அலையடிக்கும். கண்ணியின் அகலம் அதன் உயரத்தைவிட அதிகம் என்பதால் செங்குத்தான ஓரத்தில் நான்கு வரிசைக்கு மூன்று என்பதே பொதுவாகச் சரியாக வரும். கடைசி வரிசையை ஓர் அளவு தடித்த ஊசியால் தளர்த்தி முடியுங்கள்.

குழந்தை ஸ்வெட்டர் பின்னும் பாட்டிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பிறந்த குழந்தைக்குத் தலைச்சுற்று மார்புச் சுற்றைவிடச் சற்றே அதிகம். ஒரு வயதில்தான் இரண்டும் ஏறக்குறையச் சமமாகும். உடம்பு அளவு சரியாக இருந்தும் தலை நுழையாமல் பிள்ளை வீறிடுவது இதனால்தான். தோளில் திறப்பு வைத்துவிடுங்கள். அதற்குப் பொத்தான் வைத்தால் இழுத்தாலும் வராதபடி தைக்க வேண்டும், பிடுங்கினால் நேராக வாய்க்குத்தான் போகும். கழுத்தில் கட்டும் கயிறு வேண்டாம். உட்புறம் தொங்கும் நூல் இழை பச்சிளம் விரலைச் சுற்றி இறுகி ரத்த ஓட்டத்தைத் தடுக்கக்கூடும். மருத்துவர்கள் அறிந்த ஆபத்து இது. குழந்தை உடையில் நூல் முனைகளை மறைப்பது அழகுக்காக மட்டும் செய்யும் வேலை இல்லை. முனைக்கு 15 செ.மீ. நூல் விட்டுத்தான் வெட்டுங்கள். முடிச்சை நம்பாமல், ஒரு திசையில் கோத்து மறுதிசையில் திருப்பிக் கோத்துவிடுங்கள்.

நூல் போதாமல் நிற்பவர்களுக்கு ஒரே வார்த்தை: லேபிளில் உள்ள சாய லாட் எண்ணை (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூலுக்கு ஒரே எண்) பார்த்து, ஓர் உருண்டை கூடுதலாக முதலிலேயே வாங்குங்கள்.

கை மட்டும் நீண்டுவிட்டது என்றால் முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை. தேவையான நீளத்தில், ரிப் பட்டைக்கு மேலே, ஒரே ஒரு கண்ணியின் நூலை வெட்டி, அந்த வரிசையை ஊசி நுனியால் உருவினால் கை இரண்டாகப் பிரியும். மேல் பாதியில் வாய் திறந்து நிற்கும் கண்ணிகளை ஊசியில் ஏற்றிக் கீழ்நோக்கிப் புதுப் பட்டை பின்னிவிடலாம். மார்புச் சுற்றே தவறியிருந்தால் பிரிப்பதைத் தவிர வழியில்லை. கம்பளி என்றால், பிரித்த நூலைச் சிட்டமாக, அதாவது தளர்ந்த பெரிய வளையமாகச் சுற்றி, நனைத்து, கீழே சிறு கனம் கட்டித் தொங்கவிட்டு, சுருள் நீங்கிய பிறகே மீண்டும் ஊசியில் ஏற்றுங்கள். சுருளோடு பின்னினால் அளவு மறுபடியும் ஏமாற்றும்.