சுருங்கிப்போன சோடாப் போத்தல்

அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த காலத்தில் பத்து மணித் தேத்தண்ணியை ஒன்றரை லீட்டர் சோடாப் போத்தலில்தான் கொண்டுபோவார். காலையில் அடுப்பிலிருந்து இறக்கிய சாயத் தேத்தண்ணியை அப்படியே ஊற்றுவார். ஊற்றும்போதே போத்தல் நெளியும். இடுப்பு உள்ளே வாங்கும், கழுத்து ஒரு பக்கம் சாயும், அடி பிதுங்கி நேராக நிற்காமல் ஆடும். இரண்டு மூன்று நாளில் அதைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்று தேடுவோம். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் ஓடிய தண்ணீர்க் கானில் இப்படிக் கூன் விழுந்த போத்தல்கள் எத்தனையோ கிடந்தன.

போத்தல் உருகிவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம். அது தவறு. சோடாப் போத்தல் செய்யும் பெட் (PET) என்ற பிளாஸ்டிக் உருக ஏறத்தாழ 250 பாகை செல்சியஸ் வேண்டும். எங்கள் கேத்தலில் அதற்குப் பாதி வெப்பம்கூட இருக்காது. நடந்தது வேறு.

தொழிற்சாலையில் பெட் போத்தல் முதலில் ஒரு தடித்த சோதனைக்குழாய் போலத்தான் இருக்கும். அதை 100 பாகை அளவுக்குச் சூடாக்கி, அச்சுக்குள் வைத்து, நீளவாக்கில் இழுத்து, காற்றை ஊதிப் பெரிதாக்குகிறார்கள். பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். சும்மா இருக்கும்போது பிழிந்த இடியப்பம் மாதிரி சிக்கிக் கிடக்கும். இழுத்து ஊதும்போது அவை நீண்டு நிமிர்கின்றன. நிமிர்ந்த நிலையிலேயே சட்டென்று குளிரவைத்தால் அப்படியே உறைந்துபோகும். போத்தலுக்குப் பலம் வருவது இதனால்தான். சங்கிலிகளுக்கோ பழையபடி சுருண்டுகொள்ளவே விருப்பம். குளிர் அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் பிடி 70 முதல் 80 பாகைக்குள் தளர்ந்துவிடும். மலை மேலே போனால் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை குறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். கொழும்பை விட ஆறு பாகை குறைவு. ஆனால் அந்த ஆறு பாகை போத்தலைக் காப்பாற்றப் போதாது. 94 என்பதும் 80க்கு மேலேதானே. சாயம் பட்டதும் சங்கிலிகள் சுருள்கின்றன, போத்தலும் கூடவே சுருங்குகிறது.

சரி, வடிவம் கெட்டால் கெட்டுவிட்டுப் போகட்டும், தேத்தண்ணிக்குள் என்ன இறங்குகிறது? பெட் தயாரிக்கும்போது அன்டிமனி என்ற உலோகத்தின் சேர்மத்தை, வேதிவினையை வேகப்படுத்தும் ஊக்கியாகப் பயன்படுத்துகிறார்கள். அதில் துளியளவு பிளாஸ்டிக்கிலேயே தங்கிவிடும். 2008இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், போத்தல் தண்ணீரில் அன்டிமனி அந்நாட்டுக் குடிநீர் வரம்பைத் தாண்ட எவ்வளவு காலம் எடுக்கும் என்று கணக்கிட்டார்கள். 60 பாகையில் 176 நாள். 70 பாகையில் 12 நாள். 85 பாகையில் ஒன்றேகால் நாள் சொச்சம்.

இந்தக் கணக்கை இரண்டு விதமாகவும் வாசிக்க வேண்டும். ஐந்து மணிக்கு ஊற்றிப் பத்து மணிக்குக் குடிக்கும் தேத்தண்ணியில், அதுவும் ஆறிக்கொண்டே போகும் தேத்தண்ணியில், அந்த வரம்பு தாண்டிவிடாது. அம்மாவை நினைத்து நான் பயப்படவில்லை. ஆனால் 60க்கும் 85க்கும் நடுவே இருப்பது 25 பாகைதான். காலமோ நூறு மடங்குக்கு மேல் சுருங்கிவிட்டது. வீட்டில் பிளாஸ்டிக்கைக் குறைக்க எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: சூடு படும் இடத்திலிருந்து தொடங்குங்கள். அரிசி போட்டு வைக்கும் வாளியைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

சூட்டோடு எண்ணெயும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். கடையில் கொதிக்கக் கொதிக்கப் பருப்புக் கறியைப் பொலித்தீன் பையில் ஊற்றி முடிச்சுப் போட்டுத் தருவார்கள். பொலித்தீன் 110 பாகை அளவில்தான் உருகும், ஆகவே பை ஓட்டையாகாது. ஆனால் பொலித்தீனில் கலந்திருக்கும் சேர்மானங்கள் சங்கிலிகளோடு கட்டுண்டவை அல்ல. இடுக்குகளில் சும்மா தங்கியிருப்பவை. அவற்றில் பல தண்ணீரில் கரையாது, கொழுப்பில் நன்றாகக் கரையும். தேங்காய்ப்பால் கறி அவற்றுக்கு நல்ல வழி. சோறு சுற்றும் பொலித்தீன் தாளான லஞ்ச் சீட்டை இலங்கையில் 2017இலேயே தடை செய்தார்கள். அதற்குப் பிறகும் சோத்துப் பார்சலை விரித்தால் உள்ளே என்ன இருக்கிறது என்பது பார்சல் வாங்குகிறவர்களுக்குத் தெரியும். கறிக்கு வீட்டிலிருந்து தூக்குச் சட்டி கொண்டுபோவதுதான் சுலபமான வழி. கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார். இரண்டாம் நாள் பார்க்க மாட்டார்.

தேயிலை விளையும் மலையில் இருந்துகொண்டு டீ பேக்கைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 2019இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில், நைலோன், பெட் பைகளைத் தேயிலையை எடுத்துவிட்டு 95 பாகைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார்கள். ஒரு பையிலிருந்து ஒரு கோப்பைக்கு 1,160 கோடி நுண்துகள்கள் என்று எண்ணிச் சொன்னார்கள். எண்ணிக்கை மிகை, அதில் பெரும்பகுதி கரைந்து வெளிவந்து திரும்பப் படிந்த சிறு மூலக்கூறுகளாக இருக்கலாம் என்று வேறு விஞ்ஞானிகள் மறுத்தார்கள். துகளோ மூலக்கூறோ, பையிலிருந்து ஏதோ வருகிறது என்பதில் சண்டை இல்லை. எங்கள் வீட்டில் தூள்தான், டீ பேக் கிடையாது என்று நானும் பெருமையாக இருந்தேன். ஒருநாள் தேத்தண்ணி வடியைக் கவனித்தேன். பிளாஸ்டிக் வளையம், நைலோன் வலை, நடுவில் ஒரு ஓட்டை வேறு. தினமும் மூன்று வேளை கொதிநீர் அதன் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது. இப்போது சில்வர் வடி.

மலையகத்துக்கே உரிய இன்னொரு பழக்கம் உண்டு. கவ்வாத்து மிலாறு, அதாவது தேயிலைச் செடியில் வெட்டிக் கழித்த குச்சி, மழையில் நனைந்து கிடக்கும். அடுப்பு பிடிக்காது. உடனே ஒரு சொப்பிங் பேக்கைக் கொளுத்தி விறகுக்கு அடியில் செருகுவோம். குப்பென்று பிடிக்கும். பொலித்தீனும் மண்ணெண்ணெயும் மெழுகும் ஒரே குடும்பம். எல்லாம் கரியும் ஐதரசனும்தான், சங்கிலியின் நீளத்தில்தான் வித்தியாசம். போதிய காற்று கிடைத்தால் பொலித்தீன் ஓரளவு சுத்தமாகவே எரியும். ஆனால் ஈர விறகுக்கு அடியில் காற்று ஏது? அரைகுறையாக எரிந்து கரும்புகை, காபன் மொனொக்சைட்டு எல்லாம் வரும். கையில் கிடைத்தது பி.வி.சி. துண்டாக இருந்தால் ஐதரசன் குளோரைட்டு, டையொக்சின் என்ற நச்சுகளும் சேரும். புகைபோக்கி ஒழுங்காக இல்லாத லயத்துக் குசினியில் அந்தப் புகை எங்கே போகும்? கையில் இருப்பது பொலித்தீனா பி.வி.சி.யா என்று இருட்டில் யாரும் பார்ப்பதும் இல்லை.

பைனஸ் மரக் காட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வழி காலடியிலேயே கிடக்கிறது. காய்ந்த பைனஸ் ஊசியில் பிசின் இருக்கிறது, ஒரு கைப்பிடி போதும். அடுப்புக்கு மேலே பரணில் மிலாறை இரண்டு நாள் போட்டு வைத்தால் அதுவும் தேவையில்லை.

போத்தலுக்கு வருகிறேன். அம்மாச்சி காலத்தில் தேத்தண்ணி கண்ணாடிப் போத்தலில் போனது. சூடு போகாமல் பழைய கம்பளி மேஸ் (காலுறை) ஒன்றை அதற்கு மாட்டிவிடுவாராம். கம்பளிக்குள் அடைபட்ட காற்று வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஆனால் வழுக்கும் மலையில் கண்ணாடி எத்தனை நாளைக்கு? அம்மாவுக்கு இப்போது ஒரு சில்வர் பிளாஸ்க் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதன் மூடியும் பிளாஸ்டிக்தான். அடியைத் திருப்பிப் பார்த்தேன், முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தது. 5 என்றால் பொலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக், 160 பாகை வரை உருகாது, கொதிநீருக்கு நெளியாது. அதோடு அம்மா பிளாஸ்க்கைக் கவிழ்க்காத வரை தேத்தண்ணி மூடியைத் தொடப் போவதில்லை. முதல் நாளே கவிழ்த்துவிட்டார்.