திரையில் தெரியும் எண்ணுக்கு யார் பொறுப்பு?

“வங்கியின் எண்தானே வந்தது, அதை நம்பித்தான் பேசினேன்” என்பது தொலைபேசி மோசடியில் பணத்தை இழந்தவர்கள் பலரும் சொல்லும் வாக்கியம். அலுவலகங்களுக்கு இபிஏபிஎக்ஸ் எனும் உள் தொலைபேசி இணைப்பகம் அமைத்துத் தரும் தொழிலில் இருப்பவர்களுக்கு இது வியப்பளிப்பதில்லை. திரையில் தெரியும் எண், அழைப்போடு சேர்த்து அனுப்பப்படும் ஒரு தனிச் செய்தி மட்டுமே. அது உண்மையா என்று சரிபார்க்கும் ஏற்பாடு நம் கையிலுள்ள கருவியில் கிடையாது.

லேண்ட்லைனில் இச்செய்தி ஒலியாகவே வருகிறது. அமெரிக்காவில் பெல்கோர் எனும் தொலைபேசி ஆய்வு நிறுவனம் வகுத்த முறைப்படி, முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் இடைப்பட்ட சில நொடி மௌனத்தில், எக்ஸ்சேஞ்ச் நொடிக்கு 1200 பிட் வேகத்தில் தகவலை அனுப்பும். 1200 ஹெர்ட்ஸ் ஒலி 1 என்ற பிட்டையும் 2200 ஹெர்ட்ஸ் ஒலி 0 என்ற பிட்டையும் குறிக்கும். எஃப்எஸ்கே எனப்படும் இம்முறையின் எளிய வடிவத்தில், மாதம், நாள், மணி, நிமிடம் ஆகியவற்றுக்கு எட்டு இலக்கங்களும், அவற்றைத் தொடர்ந்து அழைப்பவர் எண்ணும், இறுதியில் பிழை கண்டறியும் சரிபார்ப்புக் கூட்டும் இருக்கும். அழைப்பு வந்ததும் சில தொலைபேசிகளின் கடிகாரம் தானே திருத்திக்கொள்வது இந்த எட்டு இலக்கங்களால்தான். முதல் மணியிலேயே எடுத்துவிட்டால் எண் தெரியாமல் போவதன் காரணமும் இப்போது விளங்கும். பிரிட்டனில் மணி அடிப்பதற்கு முன்பே கம்பியின் மின்முனைகளை மாற்றி, ஓர் எச்சரிக்கை ஒலியை எழுப்பி, அதன்பின் 1300, 2100 ஹெர்ட்ஸ் ஒலிகளில் செய்தியை அனுப்புகின்றனர்.

இந்திய லேண்ட்லைன்களில் பரவலாகக் காணப்பட்டது டிடிஎம்எஃப் முறை. நாம் எண்களை அழுத்தும்போது கேட்கும் அதே இரட்டை ஒலிகளை, எதிர்த்திசையில், எக்ஸ்சேஞ்ச் நம் தொலைபேசிக்கு அனுப்புகிறது. ஐந்து என்றால் 770, 1336 ஹெர்ட்ஸ் ஒலிகள் ஒன்றாக வரும். செய்தியின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்க, நம் விசைப்பலகையில் இல்லாத ஏ, பி, சி, டி குறிகளில் சில பயன்படுகின்றன. வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வந்த விலையுயர்ந்த தொலைபேசியில் எண் தெரியவில்லை என்ற புகார் வந்தால், கருவி எஃப்எஸ்கேயை மட்டுமே புரிந்துகொள்ளும் வகையா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் சிறு பெட்டிகளே சந்தையில் விற்கப்பட்டன. இரைச்சலுள்ள இணைப்பில் எஃப்எஸ்கே செய்தி சிதைந்தால், சரிபார்ப்புக் கூட்டு ஒத்துவராமல் கருவி அதைப் புறக்கணித்துவிடும். டிடிஎம்எஃபில் அத்தகைய கூட்டு இல்லை என்பதால் ஓரிலக்கம் விடுபட்ட எண்ணும் சில சமயம் திரைக்கு வந்துவிடும்.

ஆயினும் இவையெல்லாம் எக்ஸ்சேஞ்சிலிருந்து வீட்டுக்கு வரும் கடைசிக் கம்பியின் பிரச்சினைகள். மோசடிக்கான இடைவெளி அதற்கு முன்னரே இருக்கிறது. எக்ஸ்சேஞ்சுகளுக்கிடையே எஸ்எஸ்7 எனும் சமிக்ஞை வலையமைப்பில், அழைப்பை ஏற்படுத்தும் முதல் செய்தியிலேயே அழைப்பவர் எண்ணும், அதை மறைக்க வேண்டுமா என்ற குறிப்பும் செல்கின்றன. நிறுவனங்கள் பயன்படுத்தும் பிஆர்ஐ எனும் பல தடங்கள் கொண்ட டிஜிட்டல் இணைப்பில் அந்த எண்ணை இபிஏபிஎக்ஸே எழுதி அனுப்ப முடியும். நூறு உள் இணைப்புகள் (எக்ஸ்டென்ஷன்) கொண்ட அலுவலகம் தன் வரவேற்பறை எண்ணை மட்டும் காட்ட விரும்புவது நியாயமே. அதற்காகத்தான் இந்த வசதி. எனவே எண்ணோடு அதன் தரத்தைச் சொல்லும் குறிப்பு ஒன்றையும் தரநிலை வைத்திருக்கிறது: பயனாளர் தந்தது ஆனால் சரிபார்க்கப்படவில்லை, சரிபார்த்ததில் தேறியது, தேறவில்லை, வலையமைப்பே தந்தது. பொறுப்புள்ள எக்ஸ்சேஞ்ச் அந்த இணைப்புக்கு ஒதுக்கப்படாத எண்ணைத் தள்ளிவிட்டுச் சரியானதை இடும். பொறுப்பற்றது அப்படியே கடத்தும். இந்தத் தரக்குறிப்போ நம் வீட்டுத் திரைவரை வருவதே இல்லை, வல்லுநர்கள் வடிவமைத்த முறையில் இது பெரிய குறை என்றே நான் கருதுகிறேன்.

இணையவழி அழைப்புகள் வந்தபின் நிலைமை மோசமானது. அவற்றை ஏற்படுத்தும் எஸ்ஐபி நெறிமுறையில் அனுப்புநர் எண் என்பது மென்பொருளில் தட்டச்சு செய்யும் ஒரு வரி. இதற்கு மாற்றாக அமெரிக்காவில் ஷேக்கன் எனும் முறையில், அழைப்பைத் தொடங்கும் நிறுவனம் எண்ணுக்கு டிஜிட்டல் கையொப்பமிட வேண்டும் என்ற விதி 2021 ஜூன் 30 முதல் பெரிய நிறுவனங்களுக்கு நடைமுறைக்கு வந்தது. ஆனால் வழியில் ஒரு பழைய எஸ்எஸ்7 பகுதி குறுக்கிட்டால் கையொப்பம் அங்கேயே உதிர்ந்துவிடும். இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2024 அக்டோபரில், வெளிநாட்டிலிருந்து +91 எண்ணைத் தாங்கி நுழையும் போலி அழைப்புகளை நுழைவாயிலிலேயே தடுக்கும் அமைப்பைத் தொடங்கியது. வெளிநாட்டில் ரோமிங்கில் இருப்பவரின் உண்மையான அழைப்பும் +91 உடன்தான் வரும் என்பதால், அத்தகைய எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தடுத்துவிட முடியாது.

போலி எண்ணுக்கு ஒரு பலவீனம் உண்டு. அது ஒரு திசையில் மட்டுமே வேலை செய்யும். நீங்களாக அந்த எண்ணை அழுத்தி அழைத்தால், வலையமைப்பு அதன் உண்மையான உரிமையாளரிடமே இணைக்கும். ஆகவே வங்கி, காவல்துறை, கூரியர் என்று யார் பேசினாலும், பணமோ ஓடிபியோ பேச்சில் வந்த கணமே இணைப்பைத் துண்டித்து, அட்டையின் பின்புறமோ வங்கிக் கணக்குப் புத்தகத்திலோ அச்சிட்டுள்ள எண்ணை நீங்களே அழுத்துங்கள். பேசியவர் சொன்ன எண் வேண்டாம். பணம் போய்விட்டிருந்தால் இணையவழி நிதி மோசடிகளுக்கான உதவி எண் 1930ஐ உடனே அழையுங்கள். பணம் போகாவிட்டாலும், சந்தேக அழைப்பைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தின் சக்ஷு பகுதியில் பதியலாம்.