வைன் மேப்பிள்: கொடியா, வட்டிலையா?

வைன் மேப்பிள் (vine maple) என்ற தாவரத்தின் பெயரைத் தமிழில் எழுத நேர்ந்தால், 'வைன்' என்பது கொடியைக் குறிப்பதால், கை தானாகக் 'கொடி மேப்பிள்' என்று எழுதிவிடும். அது இரட்டைத் தவறு. கொடி என்றால் நமக்கு முல்லையும் அவரையும் பாகலும், பற்றி ஏறுபவை. இந்தத் தாவரம் எதையும் பற்றாது. பெயரை நம்பிப் பந்தல் போட்டால் பந்தல் வெறுமையாகவே நிற்கும். மேலும், 'கொடி மேப்பிள்' என்றதும் கனடாவின் தேசியக் கொடியில் உள்ள இலை இதுதான் போலும் என்று படிப்பவர் எண்ணிவிடுவார்.

இது வட அமெரிக்காவின் மேற்குக் கரையோர மண்ணுக்குரியது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் தெற்கிலிருந்து வட கலிபோர்னியா வரை, ஓங்கிய டக்ளஸ் ஃபிர் மரங்களின் அடியில் வளர்கிறது. நிழலில் வெளிச்சம் தேடி நீளும் மெல்லிய தண்டுகள், தம் பாரம் தாங்காமல் வளைந்து தரையைத் தொடும். தொட்ட இடத்தில் வேர்விட்டு இன்னொரு தூராகும். அந்த வளைவுதான் ஆங்கிலத்தில் கொடியாகிவிட்டது. காட்டைக் கடந்த பிரெஞ்சு-கனடியப் பயணிகள், காலை இடறும் இந்தப் புதருக்குப் 'பேய் மரம்' என்றே பெயர் வைத்தார்கள்.

தாவரவியல் பெயர் ஏசர் சர்சினாட்டம். ஏசர் என்பது மேப்பிளின் லத்தீன் பெயர். சர்சினாட்டம், கவராயத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழிவந்தது. 'வட்டமானது' என்று பொருள். ஓர் இலையை உள்ளங்கையில் விரித்துப் பாருங்கள். பெரும்பாலும் 7 முதல் 9 கூர்மடல்கள் இருக்கும். அவற்றின் நுனிகளை ஒரு கோட்டால் இணைத்தால் ஏறத்தாழ வட்டம் வந்துவிடும். பெயர் வைத்தவர் இலையை நன்றாகப் பார்த்திருக்கிறார்.

தமிழ்ப் பெயரும் இலையிலிருந்தே பிறக்கட்டும். 'வட்டவிலை' என்றால் விலை நினைவுக்கு வரும். வட்டு எறிதலில் உள்ள வட்டோடு இலையைச் சேர்த்தால் 'வட்டிலை'. மேப்பிள் அச்சில் நிலைத்துவிட்ட சொல், அப்படியே இருக்கலாம். ஆக, வட்டிலை மேப்பிள்.

நிலத்தோற்ற அமைப்பில் இதைப் புதர் என்பதா, சிறுமரம் என்பதா என்பது நடும் இடத்தைப் பொறுத்தது. வெயிலில் நெருங்கி நிமிர்ந்து நிற்கும். இலையுதிர் காலத்தில் சிவக்கும். பெரிய மரங்களின் நிழலில் பல தண்டுகளாக விரிந்து வளையும். அங்கே இலைகள் மஞ்சளாக மாறும். எனக்குப் பிடித்தது அந்த நிழல் வடிவம்தான். அங்கே நடுபவர்கள் பக்கவாட்டில் தாராளமாக இடம் விடவேண்டும். தரை தொட்ட நுனிகளை வெட்டாமல் விட்டால் அடுத்த தூர் தானாக எழும்.