கேபிளைப் பிடுங்கிப் பார்த்தீர்களா?

புதிய போர்டு ஒன்று கைக்கு வந்தால் அதில் முதலில் உயிர் பெறுவது சீரியல் போர்ட்தான். திரை வராது, நெட்வொர்க் வராது, டிஸ்க் வராது. அனுப்ப ஒரு கம்பி, வாங்க ஒரு கம்பி, கிரவுண்டுக்கு ஒரு கம்பி. இந்த மூன்றை நம்பித்தான் மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எழுப்புகிறோம். லாகின் கேட்கும் வரி வந்து விழுந்ததும் "டெர்மினல் வேலை செய்கிறது" என்று குறித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். அந்தக் குறிப்பை எவ்வளவு அவசரப்பட்டு எழுதுகிறோம் என்று எனக்குக் காட்டியது ஒரு கேபிள்.

ஒரு கருவிக்கான யூஎஸ்பி சீரியல் டிரைவரை மாற்றி எழுதியிருந்தோம். சோதனை மேசையில் வாரக்கணக்கில் ஓடியது. ஒரு எழுத்துகூடத் தொலையவில்லை. வெளியே போன பிறகு சில கருவிகள் காரணமே தெரியாமல் விழ ஆரம்பித்தன. விழுந்த இடம் கோப்புமுறைக்குள். ஸ்டாக் டிரேஸில், அதாவது விழும்போது எந்தெந்தப் பகுதி ஓடிக்கொண்டிருந்தது என்ற பட்டியலில், டெர்மினல் என்ற பேச்சே இல்லை. அதனால் கோப்புமுறையைச் சந்தேகித்தோம், அப்புறம் மெமரி சிப்பைச் சந்தேகித்தோம். ஏறக்குறைய இரண்டு வாரம் அப்படியே போனது. விழுந்த கருவிகளின் பதிவுக் கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. எல்லாவற்றிலும், விழுவதற்குச் சில நிமிடம் முன்னால் யாரோ சீரியல் கேபிளைக் கழற்றியிருந்தார்கள்.

நடந்தது இதுதான். கேபிள் கழன்றதும் எங்கள் டிரைவரின் டிஸ்கனெக்ட் பகுதி ஓடி, அந்தப் போர்ட்டின் தகவலை வைத்திருந்த ஸ்ட்ரக்சரின் நினைவகத்தை விடுவித்துவிட்டது. ஆனால் ஒரு நிரல் அந்த டெர்மினலை இன்னும் திறந்தே வைத்திருந்தது. அது கடைசியில் மூடும்போது எங்கள் குளோஸ் பகுதி, ஏற்கெனவே விடுவித்துவிட்ட அதே ஸ்ட்ரக்சருக்குள் போய் ஓர் எண்ணை ஒன்று குறைத்தது. அதற்குள் அந்த நினைவக இடம் கோப்புமுறையின் கைக்குப் போயிருந்தது. ஊரார் கணக்கில் நாங்கள் ஒன்றைக் கழித்துவிட்டோம், விழுந்தது அவர்கள்.

காசான் என்ற நினைவகச் சோதனையை இயக்கி, லினக்ஸின் மையமான கெர்னலைக் கட்டி, ஒரே ஒரு முறை கேபிளைப் பிடுங்கினோம். யார் விடுவித்தது, பிறகு யார் தொட்டது, எந்த வரி என்று மூன்றையும் அப்போதே காட்டிவிட்டது. திருத்தம் ஒரு சில வரிதான். லினக்ஸில் டிடிஒய் (டெர்மினல்) போர்ட்டுக்கென்றே, அதை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணும் ரெஃபரன்ஸ் கணக்கு இருக்கிறது. கடைசியாகப் பிடித்திருப்பவர் கையை விட்ட பிறகுதான் நினைவகத்தை விட வேண்டும். நாங்கள் அதைச் சுற்றிக்கொண்டு சொந்தமாக ஒரு கணக்கு வைத்திருந்தோம்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டெர்மினல் டிரைவர் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எழுத்து போய் வருவதைத்தான் சோதிக்கிறார்கள். நான் பார்த்த வரையில் எழுத்து போய் வருவதில் பெரிய பிழை வருவது குறைவு. திறப்பது, மூடுவது, துண்டிப்பது ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று மோதும் நேரத்தில்தான் பெரிய பிழை வருகிறது. அந்த நேரத்தை யாரும் சோதிப்பதில்லை.

டிடிஒய் என்ற பெயரே டெலிடைப் என்ற பழைய அச்சு இயந்திரத்திலிருந்து வந்தது. 1963-இல் வந்த டெலிடைப் மாடல் 33 நொடிக்குப் பத்து எழுத்து அடிக்கும், 110 பாட், அதாவது கம்பியில் நொடிக்கு 110 பிட். அச்சுத் தலை வரியின் தொடக்கத்துக்குத் திரும்ப ஒரு குறி, காகிதம் ஒரு வரி மேலே நகர இன்னொரு குறி. தலை திரும்பிச் சேரும் வரை கணினி கொஞ்சம் காத்திருக்கவும் வேண்டும். அந்தக் காத்திருப்புக்கான கொடிகள் இன்றைக்கும், டெர்மினலின் நடத்தையைத் தீர்மானிக்கும் டெர்மியோஸ் அமைப்பில் இருக்கின்றன. இவ்வளவு பழையது, இத்தனை பேர் கை பட்டது, இதில் இனி என்ன பிழை இருக்கப்போகிறது என்று தோன்றும். இந்த எண்ணத்தைத்தான் முதலில் விட வேண்டும்.

கண்ட்ரோல்-சி அழுத்துகிறீர்கள். கம்பியில் வருவது 3 என்ற மதிப்புள்ள ஒரு பைட், அவ்வளவுதான். சீரியல் கம்பியைக் கவனிக்கும் யூஆர்ட் சிப், செயலியை உடனே அழைக்கும் குறியான இன்டரப்ட்டை எழுப்புகிறது. டிரைவர் அந்த பைட்டை எடுத்து ஃபிளிப் பஃபர் என்ற தற்காலிக இடத்தில் போடுகிறது. கெர்னலின் பின்னணி வேலையாள் ஒன்று அதை அங்கிருந்து எடுத்து, வந்த எழுத்தை என்ன செய்வது என்று முடிவு செய்யும் லைன் டிசிப்ளினிடம் கொடுக்கிறது. சிக்னல் கொடி இயக்கத்தில் இருந்தால், லைன் டிசிப்ளின் பைட்டை விழுங்கிவிட்டு, முன்னணியில் இருக்கும் பிராசஸ் குழுவுக்கு இன்டரப்ட் சிக்னலை அனுப்புகிறது. கொடி இல்லையென்றால் நிரலுக்கு வெறும் 3 போய்ச் சேரும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் நமக்கு வரும் புகார் ஒன்றேதான்: "கண்ட்ரோல்-சி வேலை செய்யவில்லை."

சின்ன போர்டுகளில் இந்தப் புகார் வந்தால் டிரைவரைத் தோண்டுவதற்கு முன் ஷெல்லை (கட்டளை வாங்கும் நிரலை) யார் எப்படித் தொடங்கினார்கள் என்று பாருங்கள். கெர்னல் தன் செய்திகளை எழுதும் கன்சோல் சாதனத்தின் மீது நேராகத் தொடங்கிய ஷெல்லுக்குக் கட்டுப்பாட்டு டெர்மினல் கிடைக்காது, அது இல்லாமல் கண்ட்ரோல்-சியின் சிக்னல் போய்ச் சேராது. ஜாப் கன்ட்ரோல் இல்லை என்று ஷெல்லே தொடக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கும். யாரும் படித்திருக்க மாட்டார்கள். உண்மையான சீரியல் சாதனத்தைத் திறந்து, புதிய செஷன் தொடங்கி ஓட்டினால் சரியாகிவிடும்.

எழுத்து தொலைகிறது என்ற புகாருக்கும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 115200 பாட் வேகத்தில், தொடக்க பிட், முடிவு பிட் சேர்த்து ஒரு எழுத்துக்குப் பத்து பிட். நொடிக்கு 11520 எழுத்து, அதாவது ஓர் எழுத்துக்கு 87 மைக்ரோவினாடி. 16550ஏ என்ற யூஆர்ட் சிப்பில் வாங்கும் பக்கம் 16 பைட் இடம் இருக்கிறது. 14 நிறைந்ததும் இன்டரப்ட் எழுப்பும்படி அமைத்திருந்தால், நம் கை போய் எடுக்கச் சுமார் கால் மில்லிவினாடிதான் அவகாசம். வேறு ஏதோ ஒரு டிரைவர் அதைவிட நேரம் இன்டரப்ட்டை அடைத்து வைத்திருந்தால் எழுத்து போயிற்று. குற்றவாளி வேறெங்கோ இருக்கும், திட்டு வாங்குவது சீரியல் டிரைவர். கெர்னல் தன் நிலையைக் காட்டும் ப்ராக் கோப்புமுறையில் டிடிஒய் பகுதிக்குள் சீரியல் டிரைவரின் கோப்பைத் திறந்தால் ஓவர்ரன் எண்ணிக்கையும் ஃபிரேம் பிழை எண்ணிக்கையும் தனித்தனியாக இருக்கும். ஓவர்ரன் ஏறினால் நேரம் போதவில்லை. ஃபிரேம் பிழை ஏறினால் பெரும்பாலும் இரு முனையிலும் வேகம் ஒத்துப்போகவில்லை. இரண்டும் சுழியாக இருந்தால் மேலே லைன் டிசிப்ளின் பக்கம் பாருங்கள். வரி வரியாக வாங்கும் முறையில் லினக்ஸ் ஒரு வரிக்கு 4095 எழுத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது. நீளமான ஒரு சான்றிதழை ஒரே வரியாக டெர்மினலில் ஒட்டிவிட்டு, வால் வெட்டுப்பட்டதற்கு டிரைவரைக் குறை சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி டிபக் செய்வது பற்றி. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். எந்த டிரைவரில் பிழை வந்தாலும் பிரிண்ட்கே (கெர்னலுக்குள்ளிருந்து செய்தி எழுதும் அழைப்பு) போட்டுப் பார்ப்பது நம் எல்லோருடைய பழக்கம். சீரியல் டிரைவரில் அது ஆபத்து. உங்கள் கன்சோல் அதே சீரியல் போர்ட்டில் இருந்தால், பிரிண்ட்கே எழுதுவது நீங்கள் டிபக் செய்யும் அதே டிரைவரின் வழியாகத்தான். போர்ட்டின் லாக்கை, அதாவது ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டை, பிடித்துக்கொண்டு ஒரு பிரிண்ட்கே போட்டீர்கள் என்று வையுங்கள். கன்சோல் எழுதும் பகுதி அதே லாக்கைக் கேட்கும், கிடைக்காது, நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். மெஷின் பேச்சில்லாமல் உறைந்துவிடும். என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டிய வாயும் அதுதான் என்பதால் ஒரு வரிகூட வெளியே வராது.

உறையாமல் தப்பினாலும் இன்னொரு கெடுதல் உண்டு. 80 எழுத்துள்ள ஒரு வரி 115200 வேகத்தில் வெளியே போக ஏறத்தாழ 7 மில்லிவினாடி ஆகும். மைக்ரோவினாடி அளவில் நடக்கும் மோதலைத் தேடிக்கொண்டு, நடுவில் 7 மில்லிவினாடி தாமதத்தை நுழைத்தால் மோதல் மறைந்துபோகும். "பிரிண்ட் போட்டால் பிழை வரவில்லை, எடுத்தால் வருகிறது" என்பது இதன் அடையாளம்.

அதனால் கெர்னலின் தடம் பதியும் கருவியான ஃப்ட்ரேஸின் வட்ட பஃபரில் எழுதுங்கள். அது நினைவகத்தில் எழுதிவிட்டுப் போய்விடும், கம்பியைத் தொடாது. போர்டில் இரண்டாவது யூஆர்ட் இருந்தால் கன்சோலை அங்கே மாற்றுங்கள். பிழை வன்பொருளில் இல்லை என்று சந்தேகம் வந்தால் க்யூஇஎம்யூ என்ற மெய்நிகர் கணினியில் ஓட்டி வெளியிலிருந்து டிபக்கரை மாட்டுங்கள். லாக்டெப் எப்போதும் இயக்கத்தில் இருக்கட்டும். லாக்குகளை முன்பின்னாக எடுக்கும் தவறை, மெஷின் உறைவதற்கு முன்பே அது சொல்லிவிடும்.

பாதுகாப்பு பக்கம் வந்தால் இதே கதை இன்னும் கனமாகிறது. லினக்ஸ் டெர்மினல் அடுக்கில் வெளிவந்த மூன்று பிழைகளை என்னோடு வேலை செய்யும் புதியவர்களுக்கு எப்போதும் காட்டுவேன். சிவிஇ என்பது பாதுகாப்புப் பிழைக்குத் தரும் பதிவு எண். சிவிஇ-2014-0196: வன்பொருள் இல்லாமல் மென்பொருளாகவே இருக்கும் சூடோ டெர்மினலில் ஒருவர் எழுதும்போது, தட்டிய எழுத்தைத் திரும்பக் காட்டும் எதிரொலியும் அதே நேரத்தில் எழுதினால், ஒரு பாதையில் லாக் இல்லை. இடம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் நகலெடுப்பதற்கும் இடையில் இன்னொருவர் நுழைந்து பஃபர் வழிந்துவிடும். 2009-இல் நுழைந்த பிழை, 2014-இல்தான் அடைபட்டது. சிவிஇ-2017-2636: என்-ஹெச்டிஎல்சி என்ற லைன் டிசிப்ளினில் ஒரே பஃபர் இரண்டு முறை விடுவிக்கப்பட்டது. இதுவும் 2009-இலிருந்து இருந்தது. யாருமே பயன்படுத்தாத மாட்யூல் என்று நினைப்போம். ஆனால் சாதாரணப் பயனர் ஒருவர் சூடோ டெர்மினலில் அதைக் கேட்டாலே போதும், கெர்னல் தானாக ஏற்றிக் கொடுத்தது. அதற்குரிய வன்பொருள் இருக்க வேண்டிய தேவையே இல்லை.

மூன்றாவது, சிவிஇ-2020-29661. சூடோ டெர்மினலுக்கு இரண்டு முனை உண்டு. பாதுகாக்க வேண்டிய தகவல் ஒரு முனையில் இருக்க, கெர்னலின் நிரல் இன்னொரு முனையின் லாக்கைப் பிடித்தது. ஒரே அறைக்கு இரண்டு கதவு. ஆளுக்கொரு கதவைப் பூட்டிவிட்டு, தான் மட்டும்தான் உள்ளே இருப்பதாக இருவரும் நம்பியதைப் போல. வரியைப் படித்தால் லாக் இருக்கிறது, விடுவிப்பும் இருக்கிறது, மேலோட்டமாகக் குறையே தெரியாது. அதனால்தான் ரிவியூ செய்யும்போது "லாக் இருக்கிறதா" என்று கேட்டு நிறுத்திவிடாமல் "இது யாருடைய லாக்" என்று கேட்கச் சொல்கிறேன்.

கருவிக்கான கெர்னலைக் கட்டுகிறவர்கள் இன்றே செய்யக்கூடியவை உண்டு. தேவைப்படாத லைன் டிசிப்ளின்களைக் கட்டமைப்பிலிருந்தே எடுத்துவிடுங்கள். அவற்றைத் தானாக ஏற்றலாமா என்று தீர்மானிக்க 2019-இலிருந்து ஓர் அமைப்பு இருக்கிறது. அதை அணைத்து வையுங்கள். டெர்மினலின் உள்ளீட்டு வரிசையில் பொய்யாக எழுத்தைத் தள்ளும் டிஐஓசிஎஸ்டிஐ என்ற பழைய அழைப்பு உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள். ரூட் தன் ஷெல்லிலிருந்து குறைந்த உரிமையில் ஓட்டும் ஒரு நிரல், இதன் மூலம் கட்டளையைத் தட்டச்சு செய்துவிட்டு வெளியேறினால், அதை ரூட்டின் ஷெல் இயக்கிவிடும். 2023 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 6.2 முதல் அதை அணைக்க வழி இருக்கிறது.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு ஒன்று. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். 'தீ' என்பது எழுத்தும் உயிர்க்குறியும் சேர்ந்து ஆறு பைட். டெர்மியோஸில் யூடிஎஃப்-8 கொடி அணைந்திருந்தால் பேக்ஸ்பேஸ் ஒரு பைட்டைத்தான் அழிக்கும். மீதி குப்பையாக நிரலுக்குப் போகும். கொடி இருந்தாலும் கெர்னல் ஒரு குறிக்கு ஒரு கட்டம் என்றே கணக்குப் போடுகிறது. 'தீ'யில் உள்ள ஈகாரக் குறிக்குத் திரையில் தனிக் கட்டம் கிடையாது. அதனால் அதை அழிக்கும்போது கர்சர் ஒரு கட்டம் கூடுதலாகப் பின்னால் போய்விடுகிறது. கோப்பில் சரியாக இருக்கும், திரையில் தவறாகத் தெரியும். சீரியல் கன்சோலில் தமிழ்ப் பெயரை வாங்கும் நிரல் எழுதினால், வரி திருத்தும் வேலையைக் கெர்னலிடம் விடாமல் நிரலுக்குள் ஒரு நூலகத்தின் பொறுப்பில் வையுங்கள்.

சரி, எதைச் சோதிப்பது? ஒரு நிரல் இடைவிடாமல் எழுதிக்கொண்டிருக்க, இன்னொன்று திறந்து திறந்து மூடட்டும். படிக்கக் காத்திருக்கும் நேரத்தில் ஹேங்கப் (இணைப்பு அறுந்தது என்ற குறி) கொடுங்கள். கண்ட்ரோல்-எஸ் அனுப்பி ஓட்டத்தை நிறுத்திவிட்டு மூடிப் பாருங்கள். மூடும் நிரல் 30 நொடி நின்றால் பதறாதீர்கள், சீரியல் அடுக்கு மிச்ச எழுத்து போய்ச் சேரக் காத்திருக்கும் இயல்பான நேரம் அது. அதற்கு மேலும் நின்றால் உங்கள் டிரைவர், அனுப்பும் பஃபர் காலியாகிவிட்டதைச் சொல்ல மறக்கிறதா என்று பாருங்கள். பிரேக் (கம்பியை ஓர் எழுத்தின் நேரத்துக்கும் மேலாகத் தாழ்த்தி வைக்கும் குறி) அனுப்பி, ஐந்து நொடிக்குள் கெர்னலுக்கே நேராகப் போகும் சிஸ்ரெக் கட்டளை எழுத்து ஒன்றை அனுப்புங்கள். லாக்கைப் பிடித்தபடியே அதைக் கையாளும் டிரைவர்கள் இங்கே மாட்டிக்கொள்ளும். டெர்மினல் குழம்பி, எழுதுவது எதுவும் தெரியாத நிலை வந்தால், கண்ணை மூடிக்கொண்டு எஸ்டிடிஒய் சேன் கட்டளையை அடித்து, என்டருக்குப் பதில் கண்ட்ரோல்-ஜே அழுத்துங்கள். குழம்பிய நிலையில் என்டர் அனுப்பும் 13 வரி முடிவாக மாறுவதில்லை, கண்ட்ரோல்-ஜே அனுப்பும் 10 நேராகவே வரி முடிவு.

அப்புறம் கேபிள். கையால் பிடுங்கிப் பத்து முறை சோதித்தால் போதாது. என் மேசையில் இப்போது ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனியாக மின்சாரத்தை நிறுத்தக்கூடிய யூஎஸ்பி ஹப் ஒன்று இருக்கிறது. ஒரு ஸ்கிரிப்ட் இரவு முழுக்க, சீரற்ற இடைவெளியில், டெர்மினல் திறந்திருக்கும்போதே மின்சாரத்தை நிறுத்தித் திரும்பக் கொடுக்கிறது. போன வாரம் 2300-ஆவது சுற்றுக்குப் பிறகு காசான் ஒரு வரி எழுதியது. திறக்கும் பகுதி பாதி ஓடியிருக்கும்போது துண்டிப்பு வந்தால், தோல்வியில் திரும்பும் வழியில் ரெஃபரன்ஸை நாங்கள் இரண்டு முறை விடுகிறோம். திருத்தம் எழுதியாகிவிட்டது. ஹப் மறுபடியும் ஓடிக்கொண்டிருக்கிறது.