"யாரு மேடம் அந்தக் கிளெமெண்டைன்?"

சென்ற வருடம் ஒரு சனிக்கிழமை மாலை, கல்லூரி முதல் வருடம் படிக்கும் மகனைக் கூட்டிக்கொண்டு ஓர் அம்மா என்னிடம் ஆலோசனைக்கு வந்தார். மகனை வெளியே உட்கார வைத்துவிட்டு முதலில் அவர் மட்டும் பேசினார். பையன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நடுராத்திரி லேப்டாப் முன்னால் உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதிருக்கிறான். என்னடா என்று கேட்டால், "கிளெமெண்டைன் தனியாப் போயிட்டாம்மா" என்றிருக்கிறான்.

"யாரு மேடம் அந்தக் கிளெமெண்டைன்? வெளிநாட்டுப் பொண்ணா? காசு கீசு அனுப்பிச்சிருப்பானோ?"

கிளெமெண்டைன் எட்டு வயதுச் சிறுமி. 'தி வாக்கிங் டெட்' என்ற வீடியோ கேமில் வருபவள். இந்தப் பெயரைக் கேட்டவுடன் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது, ஏனென்றால் சில வருடங்களுக்கு முன்னால் நானும் அவளுக்காக அழுதவள்தான். (வந்தவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

கேம் என்றவுடன் பெற்றோர் மனதில் வருவது துப்பாக்கியும் கத்தலும்தான். இது வேறு ஜாதி. அமெரிக்காவின் டெல்டேல் கேம்ஸ் நிறுவனம் 2012 ஏப்ரலில் இதன் முதல் எபிசோடை வெளியிட்டது. முதல் சீசனின் ஐந்தாவதும் கடைசியுமான எபிசோட் அதே வருடம் நவம்பரில் வந்தது. டிவி தொடர் மாதிரி, ஒரு பகுதி முடிந்தால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். கதை ஜார்ஜியா மாநிலத்தில் நடக்கிறது. கொலைக் குற்றத்துக்காகச் சிறைக்குக் கொண்டுபோகப்படும் லீ எவரெட் என்ற பேராசிரியர், ஊரே நடமாடும் பிணங்களின் கையில் விழுந்த நேரத்தில், மரத்தின் மேல் கட்டிய சின்ன வீட்டில் ஒளிந்திருந்த ஒரு குழந்தையைக் கண்டெடுக்கிறார். அதன் பிறகு அவளைக் காப்பாற்றுவதுதான் அவர் வேலை. ஆட்டக்காரர்தான் லீ.

இதில் பெரும்பாலும் செய்வது பேசுவதுதான். யாராவது கேள்வி கேட்பார்கள், திரையில் நாலு பதில் வரும், அடியில் ஒரு கோடு சுருங்கிக்கொண்டே போகும். அது தீர்வதற்குள் ஒன்றைத் தொட வேண்டும். எதையும் தொடாவிட்டால் அந்த மௌனமே பதில். சில பதில்களுக்குப் பிறகு மேலே ஓர் ஓரத்தில் ஒரு வரி தோன்றும்: கிளெமெண்டைன் இதை ஞாபகம் வைத்திருப்பாள். அவ்வளவுதான். ஒரு குழந்தைக்கு முன்னால் பொய் சொல்லிவிட்டு அந்த வரியைப் பார்க்கும்போது வயிற்றில் என்னவோ செய்யும்.

பையனை உள்ளே கூப்பிட்டேன். "தம்பி, கார்லியா டக்கா, யாரைக் காப்பாத்துனீங்க?" என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது. முதல் எபிசோடின் முடிவில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆபத்தில் மாட்டுவார்கள், ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். ஆண் பாத்திரத்தின் பெயர் டக். "கார்லி" என்றான். அப்புறம் அவனாகவே, "ஆனா அது ஏமாத்து வேலை மேடம், யாரைக் காப்பாத்தினாலும் மூணாவது எபிசோட்ல அவங்க செத்துடுவாங்க. திரும்ப விளையாடிப் பார்த்தேன்" என்றான்.

உண்மைதான். கிளை கிளையாகப் பிரிகிற மாதிரி தோன்றும் கதை, பெரிய இடங்களில் ஒரே தண்டுக்குத்தான் திரும்பி வருகிறது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. என் அறையில் தினமும் கேட்கும் பேச்சு இது: "அன்னிக்கு நான் வேற மாதிரி செஞ்சிருந்தா..." வேறு மாதிரி செய்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது என்று டாக்டரே சொன்னாலும் அந்த வாக்கியம் மனதை விட்டுப் போகாது. முடிவு எடுத்தது நான் என்பதுதான் உறுத்துகிறது. இந்த வகை கேம்கள் தொடுவது சரியாக அந்த இடத்தை. ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும், நீங்கள் எடுத்த முடிவை மற்ற ஆட்டக்காரர்களில் எத்தனை சதவீதம் பேர் எடுத்தார்கள் என்று ஒரு பட்டியல் வரும். "அறுபது சதவீதம் பேர் நான் செஞ்சதையேதான் செஞ்சிருக்காங்க மேடம்" என்று ஒரு முடிவைப் பற்றி அந்தப் பையன் சொன்னபோது குரலில் இருந்த நிம்மதி எனக்கு நன்றாகப் புரிந்தது.

இடைவெளிக்கும் ஒரு வேலை இருக்கிறது. முடிக்காத காரியம் மனதில் அதிகம் தங்கும் என்று உளவியலாளர் ப்ளூமா ஸைகார்னிக் 1927-இல் எழுதியது பிரபலம். அந்த ஞாபகப் பகுதி பின்னாளைய ஆய்வுகளில் அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. ஆனால் அவருடன் வேலை செய்த மரியா ஓவ்சியான்கினா கண்டது இன்னொன்று: பாதியில் நிறுத்தப்பட்ட வேலையை, யாரும் சொல்லாமலே மனிதர்கள் திரும்ப எடுத்துச் செய்யப் பார்க்கிறார்கள். அந்த இழுப்புதான் எபிசோட்களின் பலம். 2012-இல் விளையாடியவர்கள் ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு பகுதியைப் பெற்றார்கள். நடுவில் யோசித்தார்கள், நண்பர்களிடம் சண்டை போட்டார்கள், மனதை ஆறவிட்டார்கள். இன்று ஐந்தும் ஒன்றாகத் தள்ளுபடியில் கிடைக்கிறது. என்னிடம் வந்த பையன் முழுவதையும் இரண்டு ராத்திரியில் முடித்திருக்கிறான். அழுகைக்குப் பாதிக் காரணம் கதை என்றால் மீதிப் பாதி தூக்கமின்மை. அதனால் நான் கேட்டுக்கொள்வது: வாரத்துக்கு ஒரு எபிசோட். கடையில் கட்டாகக் கொடுத்தாலும் நாம் பிரித்து விளையாடலாம்.

முடிவுக்கான ஏக்கம் எவ்வளவு ஆழமானது என்பதை 2018 செப்டம்பரில் பார்த்தோம். கிளெமெண்டைன் கதையின் கடைசி சீசன் பாதியில் இருக்கும்போதே டெல்டேல் தன் ஊழியர்களில் பெரும்பாலானவர்களை வேலையை விட்டு அனுப்பியது. மிச்சம் இரண்டு எபிசோட். வேறொரு நிறுவனமான ஸ்கைபௌண்ட் அதை எடுத்து 2019 மார்ச்சில் முடித்து வைத்தது. முன்னாள் டெல்டேல்காரர்கள் சிலர் தொடங்கிய ஆட்ஹாக் ஸ்டூடியோ, 2025 அக்டோபரில் 'டிஸ்பாட்ச்' என்ற கேமை வாரத்துக்கு இரண்டு எபிசோடாக நாலு வாரம் வெளியிட்டது. காத்திருக்க வைத்தால் ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்ற பயம் பொய்யாகிப்போனது.

சரி, இது அடிமைத்தனமா? உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய் வகைப்பாடு, 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருப்பது, கேமிங் கோளாறுக்கு மூன்று விஷயங்களைச் சொல்கிறது. விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட அது முன்னுக்கு வந்துவிடுவது, கெடுதல் நடந்தும் தொடர்வது. இவை பொதுவாகப் பன்னிரண்டு மாதமாவது நீடித்து, படிப்பையோ வேலையையோ குடும்பத்தையோ கணிசமாகப் பாதித்திருக்க வேண்டும். இரண்டு நாள் அழுகை அதில் வராது. கதை கேமுக்கு ஒரு முடிவு உண்டு, முடிந்தால் மூடி வைத்துவிடலாம். நாள் தவறாமல் வரச்சொல்லி, பரிசுப் பெட்டி காட்டி, காசு கேட்டு, முடிவே இல்லாமல் போகும் கேம்கள்தான் என்னிடம் அதிகம் சிக்கலைக் கொண்டு வருகின்றன.

அதற்காக, கதைதானே என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஐரோப்பிய வயதுத் தரப்படி 'வாக்கிங் டெட்' 18, 'லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்' 16. இரண்டாவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிரான்ஸின் டோண்ட்நாட் நிறுவனம் 2015-இல் ஐந்து எபிசோடாக வெளியிட்டது. மேக்ஸ் என்ற மாணவிக்கு நேரத்தைப் பின்னால் திருப்பும் சக்தி உண்டு. தப்பாகப் பேசிவிட்டால் திருப்பிவிட்டு வேறு மாதிரி பேசலாம். இரண்டாவது எபிசோடில், ஒரு வீடியோ பரவியதால் அவமானப்பட்ட கேட் என்ற தோழி உயிரை விடும் முடிவில் நிற்கும்போது, அந்தச் சக்தி வேலை செய்யாது. திருப்ப முடியாது. அப்போது உதவுவது, அதற்கு முன்னால் நீங்கள் அவளுடைய அறையில் எதைக் கவனித்தீர்கள், அவள் போன் அடித்தபோது எடுத்தீர்களா, அவள் குடும்பத்தில் அவளுக்கு ஆதரவு யார் என்று தெரியுமா என்பதுதான்.

ஒரு மாணவி இந்தக் காட்சிக்கு மறுநாளே என்னைத் தேடி வந்தாள். கேமில் கேட்டைக் காப்பாற்ற முடியவில்லை. அவளுடைய வகுப்பில் நிஜமாகவே ஒரு கேட் இருந்தாள். அன்று நாங்கள் கேமைப் பற்றிப் பேசியது பத்து நிமிடம், அந்தத் தோழியிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்பதைப் பற்றி ஒரு மணி நேரம். பிள்ளையோ அவர்களுடைய நண்பரோ அப்படி ஒரு நிலையில் இருப்பதாகத் தோன்றினால், காத்திருக்காமல் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை (டெலி-மானஸ்) அழையுங்கள். எந்த நேரமும் பேசலாம், கட்டணம் கிடையாது.

அந்த அம்மாவிடம் நான் லேப்டாப்பைப் பிடுங்கச் சொல்லவில்லை. தூங்கும் நேரத்தை ஒழுங்கு செய்தோம், ஒரு வீட்டுப்பாடமும் கொடுத்தேன்: பையன் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் எபிசோட் பாருங்கள்.

அடுத்த சனிக்கிழமை வந்தார்கள். இரண்டாவது எபிசோடைப் பார்த்திருக்கிறார்கள். அதில் லீயிடம் சாப்பாட்டைப் பங்கிடும் பொறுப்பு வரும். கூட்டத்தில் பத்துப் பேர், கையில் இருப்பது நாலே நாலு துண்டு. யாருக்குக் கொடுப்பது என்று பையன் அம்மாவைக் கேட்டிருக்கிறான். "சின்னப் புள்ளைங்க ரெண்டு இருக்குல்ல, அதுங்களுக்கு முதல்ல" என்று தொடங்கி, மிச்ச இரண்டுக்கும் அரை மணி நேரம் வாதாடியிருக்கிறார்கள். எல்லாம் கொடுத்து முடித்த பிறகு அந்த அம்மா கேட்டாராம், "அந்த லீ சாப்பிட்டானா?"

"அது எனக்குத் தோணவே இல்ல மேடம்" என்றான் பையன்.